இருபத்திரண்டாம் பக்கம்

செல்லூரில் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்களுக்கு, சத்தம் நின்றால்தான் முழிப்புத் தட்டும். அன்று காலை கரண்ட் போய், கீழ்வீட்டுப் பவர்லூம்கள் சட்டென்று அடங்கியதும் அலர்மேல்மங்கை கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேலே ஃபேனும் நின்றிருந்தது. சித்திரை மாதம். விடிந்தும் விடியாததுமாகவே சுவரில் கை வைத்தால் சுட்டது.

பக்கத்துக் கட்டிலில் கணவர் சௌந்தரராஜன் முழித்துக் கிடந்தார். வலது கையும் காலும் விழுந்து ரெண்டு வருசம் ஆகப்போகிறது. அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். வாதம் வந்ததில் அவருக்கு அது பாதி மிஞ்சியது. தமிழ் அனேகமாகப் போய்விட்டது. செல்லூர் முழுக்க வண்டியில் நூல் பண்டலை ஏற்றிக்கொண்டு போய், தறிக்காரர்களிடம் தமிழிலேயே பேரம் பேசித் திரிந்த மனுசன். இப்போது கீழ்வீட்டுக்காரர் வந்து நலம் விசாரித்தால், சிரித்துத் தலையை ஆட்டுவதோடு சரி.

அலர்மேல்மங்கை கொண்டையை முடிந்துகொண்டு வேலையைத் தொடங்கினாள். அவருடைய இடது கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு. ஒருபக்கம் விழுந்த உடம்பு என்ன கனம் கனக்கும் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஈரத்துணியை உருவி, முதுகைத் துடைத்துப் பவுடர் தட்டி, வேறு துணி போட்டு, தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார வைத்தாள். நிமிரும்போது இடுப்பில் சுளீரென்றது. அது தினமும் வருவதுதான். இட்லியைச் சாம்பாரில் குழைத்து ஸ்பூனால் ஊட்டினாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதெல்லாம் யோசித்துச் செய்வதில்லை. கை அது பாட்டுக்குச் செய்யும். மனசு எங்கேயோ கிடக்கும்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மா வந்து, செருப்பைக் கழற்றியவள், உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"என்ன பேச்சியம்மா, அங்கேயே நின்னுட்டீங்க?"

"ஒண்ணு சொல்லணும் டீச்சர். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"சொல்லுங்க."

"மகளுக்கு மாசம் நெருங்குது. திருமங்கலத்துக்கு வந்து இருன்னு சொல்லுது. மாமியாளும் இல்லாத வீடு. போனா பிள்ளைக்குத் தல நிக்கிற வரைக்கும் திரும்ப முடியாது."

"எப்பப் போறீங்க?"

"இந்த மாசக் கடைசில போறேன். அதுக்குள்ள வேற ஆளு கெடைக்குமான்னு நானும் நாலு இடத்துல சொல்லி வச்சிருக்கேன். ஆம்பளையத் தூக்கிப் போடணும்னா யாரும் வரமாட்டேங்குறாக." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "உங்க கொழுந்தன் இருக்காகள்ல. ஒரு வேளைக்காச்சும் வந்தா ஆகாதா?"

அலர்மேல்மங்கையின் கொழுந்தன் ராஜேஷ்குமார் வில்லாபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். ஆரஞ்சோ சாத்துக்குடியோ ஒரு பையில் இருக்கும். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எப்படி இருக்கே அண்ணா" என்பான். பிறகு போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். போகும்போது, "பாத்துக்கங்க அண்ணி" என்பான். கெட்டவன் கிடையாது. அண்ணனைத் தொட அவனுக்குப் பயம். அந்தப் பயத்தோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லாததால் இத்தனை நாளும் அப்படியே ஓடிவிட்டது. ஒரே மகள் ரம்யாஸ்ரீ சென்னையில் வேலையில் இருந்தாள். வந்தால் நாலு நாள்.

பேச்சியம்மாவிடம் மதியத்துக்குச் சாதம் எதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அலர்மேல்மங்கை பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அவளுக்கு வேலை சிம்மக்கல்லில், பாத்திர மொத்தக் கடைகளுக்கு மேல்மாடியில் இருந்த ஒரு அறக்கட்டளையில். முன்பு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். இப்போது கையேடு எழுதுகிறவள். சர்க்கரை நோயாளிக்குக் காலைப் பார்த்துக்கொள்ளும் முறை, பிள்ளை பெற்றவளுக்குச் சாப்பாடு என்று ஏற்கெனவே சில எழுதியாயிற்று. இந்த வருசம் எழுதியது, பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான கையேடு. படம் பெரிதாக, எழுத்துக் குறைவாக, பக்கத்துக்கு ஒரு வேலை. டாக்டர் ஒருவரும் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணும் படித்துத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கையில் அது இன்னும் போகவில்லை. அதற்குத்தான் அவள் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருந்தாள். அடுப்பில் சாதம் வேகிற நேரத்தில் சமையல் மேடையில் வைத்து எழுதிய திட்டம். முதலில் வீடு வீடாக, ஒருவர் ஒருவராகக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பது. எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டுகிறார்கள், எந்த வார்த்தைக்கு முழிக்கிறார்கள் என்று குறித்துத் திருத்துவது. திருத்தியதை ஏழெட்டுப் பேரைச் சேர்த்து உட்காரவைத்துக் கொடுத்துப் பார்ப்பது. அப்புறம் ஒரு ஊரில் ஒரு மாதம் புழங்கவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்து, அதன்பிறகு அச்சுக்கு அனுப்புவது.

திட்ட அதிகாரி ஸ்ரீராம்குமார் அதைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். நாற்பது வயசுக்கு நரைத்துப்போன தலை. எப்போதும் ஏதாவது ஒரு மீட்டிங்குக்குப் போக வேண்டியவராகவோ, மீட்டிங் முடிந்து வந்தவராகவோதான் இருப்பார்.

"ப்ளான் நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ரிலீஸ் தேதி குறிச்சாச்சு. பணம் கொடுக்கறவங்க வர்றாங்க, ஹால் புக் பண்ணியாச்சு. ஒரு வீடு போதும். போய்ட்டு வந்து ரெண்டு பக்கம் ரிப்போர்ட் கொடுத்திருங்க."

"ஒரு வீட்டுல என்ன சார் தெரியும்?"

"டாக்டரே பாத்துட்டார்ல?"

"டாக்டருக்கு விளங்கும் சார். அவருக்காகவா எழுதினோம்?"

"அடுத்த எடிஷன்ல மூணையும் பண்ணுவோம்," என்றார். அடுத்த எடிஷன் என்பது வந்ததே இல்லை என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். அவள் வாதாடவில்லை. பேச்சியம்மாவுக்குப் பதில் யாரைப் பிடிப்பது என்கிற யோசனையிலேயே பாதி மனசு போயிருந்தது. ஒரு வீடு என்றால் ஒரு வீடு.

அந்த ஒரு வீட்டை நர்ஸ் ஸ்ரீஜா மேலூர்ப் பக்கத்தில் பார்த்து வைத்திருந்தாள். ஊர் ஊராக ஸ்கூட்டரில் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு வருவது அவள் வேலை. மறுநாள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி அலர்மேல்மங்கை மேலூர் போய் இறங்கினாள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஸ்ரீஜா ஸ்கூட்டரோடு நின்றாள். அங்கிருந்து உள்ளே போகிற ரோட்டில் ரெண்டு பக்கமும் அறுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. தூரத்தில் கல் வெட்டி எடுத்து விட்டுப்போன குன்று, கடித்து வைத்த பண்டம் மாதிரி ஒருபக்கம் மொட்டையாக நின்றது.

"மேடம், அவங்க தப்பாச் செஞ்சா நான் சொல்லலாமா?" என்று ஸ்ரீஜா வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"சொல்லக் கூடாது. நாம சொல்லிக் கொடுத்துட்டா புத்தகம் சொல்லிச்சா நாம சொன்னோமான்னு தெரியாமப் போயிரும். புத்தகத்தைக் கொடுத்துட்டுச் சும்மா இருக்கணும். அவங்க தப்புப் பண்ணினா அது புத்தகத்தோட தப்பு. அதைப் பாக்கத்தான் போறோம்."

"ஆபத்துன்னா?"

"அப்ப நீ உள்ள போயிரு. அதுக்குத்தான் நீ."

வீடு ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. உள்ளே இரும்புக் கட்டிலில் மலையாண்டி சாய்ந்திருந்தார். கல் குவாரியில் டிப்பர் லாரி ஓட்டியவர். ஓங்குதாங்கான ஆள், கட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் ரேஷன் அரிசிச் சாக்கு ரெண்டை அடுக்கி, மேலே பழைய சேலையைப் போட்டிருந்தார்கள். வாசலுக்கு நேரே ரோடு தெரிந்தது.

அவருடைய மனைவி சுந்தரம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நூறு நாள் வேலை இல்லாத நாட்களில் மேலூர்ச் சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோய் விற்பவள். எட்டாவது வரை படித்திருந்தாள்.

"வாங்க டீச்சர். வெயில்ல வந்திருக்கீக. மோரு குடிக்கிறீகளா?"

மோர் வந்தது. அலர்மேல்மங்கை தான் வந்த காரியத்தைப் பொறுமையாகச் சொன்னாள். இது இன்னும் முடியாத புத்தகம், இதில் தப்பு இருக்கலாம், உங்களைச் சோதிக்க வரவில்லை, புத்தகத்தைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறோம், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். சுந்தரம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"இம்புட்டுத் தூரம் எங்களத் தேடி வந்திருக்கீக. செய்ய மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

கையேட்டைக் கையில் வாங்கியதும் அவள் உட்காருகிற விதமே மாறிவிட்டது. சம்மணம் போட்டு நிமிர்ந்து, விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தாள். கை கழுவும் பக்கம் சரியாக வந்தது. புண் வராமல் இருக்கத் திருப்பிப் போடும் பக்கத்தில், 'இருவர் சேர்ந்து' என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னொரு ஆளுக்கு எங்க போறது டீச்சர்?"

அலர்மேல்மங்கை அதைக் குறித்துக்கொண்டாள். அவள் வீட்டிலும் இன்னொரு ஆள் கிடையாது. பிசியோதெரபிக்காரப் பெண் இருவர் என்று திருத்தியபோது, சரிதான் என்று விட்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது. பருப்பும் அரிசியும் போட்டுக் குழைய வேகவைத்த கஞ்சி, ஏனத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஸ்ரீஜாவுக்குப் போன் வந்தது. உள்ளே டவர் எடுக்கவில்லை என்று அவள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனாள். சுந்தரம்மாள் கையேட்டைப் புரட்டி, உணவு ஊட்டுகிற இருபத்திரண்டாம் பக்கத்தை எடுத்தாள். பக்கம் முழுவதும் ஒரு படம். ஒரு கை, ஒரு ஸ்பூன், திறந்த வாய், தலைக்குப் பின்னால் வெள்ளைத் தலையணை. கீழே நாலு வரி. கஞ்சி கட்டியில்லாமல் இருக்க வேண்டும். சிறு ஸ்பூனில் பாதி அளவு எடுக்க வேண்டும். நல்ல பக்கக் கன்னத்தில் வைக்க வேண்டும். விழுங்கிய பின்தான் அடுத்த வாய்.

சுந்தரம்மாள் படத்தைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், அவருக்குப் பின்னால் இருந்த சாக்கு ரெண்டையும் உருவி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, தலையணை ஒன்றை மட்டும் வைத்து அவரை மல்லாக்கப் படுக்க வைத்தாள்.

அலர்மேல்மங்கைக்கு முதலில் உறைக்கவில்லை. துணி மாற்றப் போகிறாள் என்று நினைத்தாள். சுந்தரம்மாள் ஸ்பூனில் பாதி எடுத்து, ஊதி, நல்ல பக்கக் கன்னத்தில் வைத்தாள். எழுதியிருந்ததை ஒன்றுவிடாமல் செய்தாள். மலையாண்டி விழுங்கினார். ரெண்டாவது வாயும் இறங்கியது. சொல்லலாமா கூடாதா என்று அலர்மேல்மங்கையின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. சொல்லக் கூடாது என்று ஸ்கூட்டரில் வரும்போது சொன்னவள் அவள்தான். மூன்றாவது வாய் போனபோது மலையாண்டிக்குப் புரையேறியது.

சாதாரணமாகப் புரையேறுகிற இருமல் இல்லை அது. சத்தம் பாதியில் அறுந்துபோய், வாய் திறந்தபடி நின்றது. கழுத்து நரம்பு புடைத்து உதடு கறுத்தது. சுந்தரம்மாள் ஸ்பூனைப் பிடித்தபடியே உறைந்துபோய், கையேட்டைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அலர்மேல்மங்கை எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் கட்டில் சட்டத்தில் இருந்தது. அக்குளுக்குள் கையைக் கொடுத்து அந்தப் பெரிய உடம்பை ஒரே மூச்சில் தூக்கி, முன்னால் குனிய வைத்து, முதுகில் தட்டிக்கொண்டே, "ஸ்ரீஜா, ஸ்ரீஜா" என்று கூப்பிட்டாள். ஸ்ரீஜா ஓடி வந்து வாய்க்குள் விரலை விட்டுக் கஞ்சியை வழித்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு இருமல் முழுசாக வந்தது. பிறகு மூச்சு வந்தது. நெஞ்சுக்குள் கரகரவென்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும் மேடம். நுரையீரலுக்குள்ள போயிருக்கும்," என்றாள் ஸ்ரீஜா, நூற்றெட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே.

மேலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மருந்து ஏற்றி, அங்கேயே வைத்துக்கொண்டார்கள். சாயந்திரம் காய்ச்சல் அடித்தது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் ரெண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அலர்மேல்மங்கை டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். சுந்தரம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்குச் சாக்கை எடுத்தீங்க?" அலர்மேல்மங்கை மெதுவாகத்தான் கேட்டாள்.

"படத்துல தலகாணிதான இருந்துச்சு."

"எப்பவும் சாக்கு வச்சுத்தான கொடுப்பீங்க?"

"ஆமா. அது அவருக்கு ரோட்டப் பாக்கணும். லாரி போறதப் பாத்துக்கிட்டேதான் திம்பாரு. அதுக்காக வச்சது. அவரு ஆசைக்கு இத்தன நாளும் தப்பா வச்சிருந்துட்டோம் போலன்னு நெனச்சேன்." டீ மேலே ஆடை கட்டியிருந்தது. "ஏன் டீச்சர், உங்க வீட்டுக்காரரும் இப்படிக் கெடக்குறாருன்னு நர்ஸம்மா சொல்லுச்சே. நீங்க இந்தப் புத்தகத்தப் பாத்துத்தான் அவருக்குச் செய்றீகளா?"

"இல்ல."

"அப்ப யாரு பாத்துச் செஞ்சது?"

"நீங்கதான் முதல் ஆளு."

சுந்தரம்மாள் அவளை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"எங்கள வச்சா பாத்தீக?" என்றாள். பிறகு, "நீங்க சொல்லத்தான் செஞ்சீக, தப்பு இருக்கும்னு. எனக்குத்தான் வெளங்கல," என்று டீயை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. ஜன்னல் வழியாக அனல் காற்று அடித்தது. உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்பதை அவள் எழுதாமல் இல்லை. உட்கார வைக்கும் முறைக்குத் தனிப் பக்கம் இருந்தது, ரெண்டு பக்கம் முன்னால். ஊட்டுகிற பக்கத்திலும் முதல் வரியாக அது இருந்தது. படம் பெரிதாக வர வேண்டும், ஒரு வரியைக் குறையுங்கள் என்று டிசைன் செய்கிறவர் கேட்டபோது, முன்னாலேயே வந்துவிட்டதே என்று அவள்தான் அடித்துவிட்டாள். வரிசையாகப் படிக்கிறவர்களுக்குத்தான் முன்னால் வந்தது. பசித்த ஆளை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறக்கிறவள் நேரே அந்தப் பக்கத்தைத்தான் திறப்பாள். இதைக் கண்டுபிடிக்க ஒரு மனுசன் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அவள் ஸ்ரீராம்குமார் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவர் ரெண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"ஆள் எப்படி இருக்கார்?"

"காய்ச்சல் விடல. மூச்சு பரவாயில்லைன்னு ஸ்ரீஜா சொன்னா."

"ஆஸ்பத்திரிச் செலவு நம்மளோடது. அது வேற." பேனாவை மூடி வைத்தார். "மேடம், சிவகாசிக்கு ஃபைல் போயாச்சு. இந்நேரம் ஓட்ட ஆரம்பிச்சிருப்பாங்க."

"ட்ரையலுக்குப் போறப்பவேயா?"

"தேதி இருக்குல்ல." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு ஸ்டிக்கர் அடிச்சு அந்தப் பக்கத்துல ஒட்டிரலாமா?"

"நாம பாத்தது மூணே பக்கம் சார். இன்னும் முப்பது பக்கம் இருக்கு. திருப்பிப் போட ரெண்டு பேர் வேணும்னு எழுதியிருக்கோம். எந்த வீட்டுல சார் ரெண்டு பேர் இருக்காங்க?"

"விழாவை நிறுத்தச் சொல்றீங்களா?"

"விழாவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. இது என் பேர்ல வெளிய போக நான் சம்மதிக்க மாட்டேன்."

"கோபத்துல சொல்லாதீங்க."

"கோபமெல்லாம் இல்ல சார். கோபப்படத் தெம்பு இல்ல. நேத்து நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். விழா முடிஞ்சு வீடு வீடாப் போனப்புறம் நடந்தா யார் உக்காந்திருப்பா?"

கீழே கடையில் பித்தளைக் குடங்களை லாரியில் ஏற்றுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. இந்த வேலை போனால் வீடு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பேச்சியம்மாவும் போய்விட்டால் வேலைக்கு வரவே வழியில்லை என்பதும் தெரியும். ரெண்டையும் சேர்த்து யோசித்தபோது, இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்று ஒரு அசட்டுத் துணிச்சல் வந்திருந்தது. ஸ்ரீராம்குமார் போனை எடுத்து சிவகாசிக்குப் பேசினார். முதல் பாரத்துப் பக்கங்கள் மட்டும்தான் அச்சாகியிருந்தன. நிறுத்தி வைக்கச் சொன்னார்.

"மேடையில வண்ணக் காகிதம் சுத்தி அஞ்சாறு காப்பி கொடுப்போம். உள்ள என்ன இருக்குன்னு யாரும் அங்க பிரிக்க மாட்டாங்க," என்றார் அலுப்போடு. "அதுக்கப்புறம் ஒரு மாசம் தாரேன். அதுக்கு மேல என்னால தாங்க முடியாது. உங்க ப்ளான்ல முதல்ல இருக்கறதையும் ரெண்டாவதையும் பண்ணிருங்க. யார்கிட்ட ஆரம்பிப்பீங்க? மறுபடி மேலூரா?"

"இல்ல சார். இந்தத் தடவை எங்க வீட்டுல."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ராஜேஷ்குமார் சாத்துக்குடிப் பையோடு வந்தான். நாற்காலியை வழக்கமான இடத்தில் போட்டு உட்காரப் போனவன் கையில், திருத்தி எழுதிய தாள்களைக் கொடுத்தாள்.

"இது என்ன அண்ணி?"

"நான் எழுதினது. இதைப் பாத்து அண்ணனுக்குச் சாப்பாடு கொடுக்கணும்."

"நானா? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதே அண்ணி."

"தெரியாதவங்கதான் வேணும் ராஜேஷ். தெரிஞ்சவங்க படிச்சு எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

அவன் கட்டிலைப் பார்த்தான். "ஏதாவது ஆயிருச்சுன்னா?"

அவள் மேலூரில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மலையாண்டி காய்ச்சல் விட்டு, முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்திருந்தார். கேட்டதும் ராஜேஷ் தாள்களைத் திருப்பித் தரப் பார்த்தான். அவள் விடவில்லை.

"நான் இங்கதான் உக்காந்திருப்பேன். நீங்க கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன். ஆபத்துன்னா மட்டும் எந்திரிப்பேன்."

ராஜேஷ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தாளைத் தமிழில் வாசித்தான். வாசித்த வரியைச் சௌராஷ்டிரத்தில் அண்ணனுக்குச் சொன்னான். செய்யப்போவதை அவரிடமே சொல்வதும் ஒரு வேலை என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவள் எதையும் சொல்லிச் செய்வதில்லை, செய்துவிடுவாள். சௌந்தரராஜன் தம்பி சொல்வதைக் கேட்டுக்கேட்டுத் தலையாட்டினார். இடது கையைத் தம்பி கழுத்தில் தானாகப் போட்டார். முதல் தடவை தூக்கியதில் ராஜேஷ் நிலைதடுமாறிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் பரபரத்தது.

'அண்டக் கொடுக்கவும்' என்ற இடத்தில் ராஜேஷ் நின்றான். "அப்படின்னா?" அவள் பதில் சொல்லாமல் குறித்துக்கொண்டாள். அவன் யோசித்துவிட்டு, தலையணைகளை விட்டுவிட்டு, தானே கட்டிலில் ஏறி அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவரைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். பின்னாலிருந்தபடியே கையை முன்னால் நீட்டி, குழைத்த ரசம் சாதத்தை ஸ்பூனில் பாதி எடுத்தான்.

ஒரு வாய். தொண்டை ஏறி இறங்கியது. அடுத்த வாய். சாதம் கொஞ்சம் தாடையில் வழிந்தது, விரலால் துடைத்தான். வேறொருவர் ஊட்டி அவர் சாப்பிடுவதை அவள் எதிரே உட்கார்ந்து பார்த்ததே இல்லை. நாற்காலிக்குப் பின்னால் பீரோ இருந்தது. அவள் தலையை அதில் சாய்த்தாள். ஒரு நிமிசம்தான் என்று நினைத்தாள்.

கண்ணைத் திறந்தபோது ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது. பதறிப்போய் எழுந்தாள். பேனா மடியிலிருந்து உருண்டு விழுந்தது.

கட்டிலில் ரெண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். காலித் தட்டு, ஒட்டிய பருக்கைகள் காய்ந்துபோய் ஓரத்தில் இருந்தது. சௌந்தரராஜன் தம்பியின் நெஞ்சில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். ராஜேஷின் பனியன் முதுகெல்லாம் நனைந்திருந்தது. ஒரு காலை அசைக்க முடியாமல் நீட்டி வைத்திருந்தான்.

"என்ன ராஜேஷ் இது, இன்னும் படுக்க வைக்கலையா?"

"படுக்க வைக்கச் சொல்லி எழுதலையே அண்ணி," என்றான் தாழ்ந்த குரலில், அண்ணன் முழித்துவிடாமல். "கடைசி வாய் வரைக்கும் இருக்கு. அப்புறம் என்ன செய்யணும்னு இல்ல. மேலூர்ல ஆனதைச் சொன்னீங்களா, எழுதாததைச் செய்யப் பயமா இருந்துச்சு. உங்களை எழுப்பலாம்னு பாத்தேன். அண்ணன் கையைப் பிடிச்சு வேணாம்னுட்டார்."

சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும். அதை அவள் தினமும் செய்கிறாள். பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கழுவி முடித்து வந்து படுக்க வைப்பாள். செய்கிறோம் என்று தெரியாமலே செய்ததால் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அவளோ டாக்டரோ யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

கீழே விழுந்த பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு கட்டிலுக்கு வந்து தலையணைகளை அண்டக் கொடுத்தாள். "இதுதான் அண்டக் கொடுக்கிறது," என்றாள். ராஜேஷ் மெல்ல நழுவி இறங்கி, மரத்துப்போன காலைத் தரையில் உதறினான். தட்டை அவனே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனவன், "பாத்துக்கங்க அண்ணி" என்று சொல்லவில்லை. செருப்புக்குள் காலை விட்டபடி நின்றான்.

"நாளைக்கும் உண்டா இது?"

"புத்தகத்துக்கு ஒரு தடவை போதும் ராஜேஷ்," என்றாள் அவள்.

அவன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

"கடை பத்து மணிக்குத்தான் திறப்பேன்," என்றான். "காலைல எட்டு மணிக்கு வாரேன்."